காளை எண் நானூற்றுப் பதினேழு

மூடியைத் திறந்தாள்.

செத்து ஒன்பது வருடமான காளை மூச்சு விட்டது.

உறைவிந்துக் கலத்திலிருந்து எழுந்த திரவ நைட்ரஜன் புகைதான். கால்நடை டாக்டரான அவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் ஓர் எட்டு பின்னால் வைத்தாள்.

காளை எண் நானூற்றுப் பதினேழு. ஆயுளில் ஒரு பசுவைக்கூட அவன் நெருங்கியதில்லை. விந்து எடுக்க நிறுத்திய, தோல் போர்த்திய இரும்புச் சட்டத்தோடுதான் குடித்தனமெல்லாம். அதற்கே மூன்று மாவட்டத்தில் லட்சம் பிள்ளைகள். அவன் மகள்களின் பால் கலக்காத காபி அந்தப் பக்கம் கிடையாது.

செத்த பிறகும் நிறுத்தினானா? இல்லை. உறைவிந்துக் குச்சிகளில் ஏறி ஊர் ஊராகப் போனான்.

எந்தக் கொட்டகையில் நுழைந்தாலும் அதே நெற்றிச் சுழி. ஆளை எடை போடுகிற அதே பார்வை. கன்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால் அவளுக்கு முதுகு சில்லிடும்.

அப்புறம் பேரன்கள் வந்தார்கள்.

உறைவிந்து நிலையத்துக்குப் பொறுக்கி எடுத்த பதினோரு காளைகள். மலை மலையாக உடம்பு. விந்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அசைவில்லை. வறுத்த ரவை மாதிரி கிடந்தது.

ரத்தம் ஆய்வுக்குப் போனது. மரபணுவில் ஒரு குறை இருந்தது. ஒரு பக்கமிருந்து வந்தால் ஒன்றும் செய்யாதாம். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் விந்து நீந்தாது.

அப்பன் வழியைத் தோண்டினார்கள். அவன்.

ஆத்தா வழியைத் தோண்டினார்கள்.

அங்கேயும் அவன்.

உத்தரவு வந்துவிட்டது. மிச்சமுள்ள குச்சிகள் அத்தனையையும் அழிக்க வேண்டும். பெரிய காரியமில்லை. வெளியே எடுத்து மேஜையில் வைத்தால் போதும், உருகிக் கெட்டுவிடும்.

வைத்தாள்.

குச்சிகள் வியர்த்தன.

வாசலில் மாரப்பன் நின்றார். அவனைக் கன்றிலிருந்து வளர்த்தவர். அவன் செத்த அன்று மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது குழியை மூடியிருந்தார்கள். அதற்கப்புறம் அவர் எந்தக் காளைக்கும் பெயர் வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கக் கூடாதுங்களா, டாக்டரம்மா?"

"முடியாதுங்கண்ணா."

விதிப்படி ஒரு குச்சியைச் சோதித்துப் பதிய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பது விநாடி. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. உயிர் தாங்க அடியில் சூட்டுத் தகடு.

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள்.

கடைசி பஸ் வந்து நின்ற மாதிரி ஒரே தள்ளுமுள்ளு.

நகர்ந்து மாரப்பனுக்கு இடம் விட்டாள்.

"அடேங்கப்பா! இத்தன பேரும் எங்கீங்கம்மா இந்த ஓட்டம் ஓடறானுங்க?"



அரை மணி. ஒரு மணி. அவர் கண்ணை எடுக்கவில்லை. இடக்கை மட்டும் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. மேலிருந்து கீழாக. காளையின் கழுத்தைத் தடவுவது மாதிரி.

"கம்மியாகுதுங்க."

பிறகு,

"நாலஞ்சு பேர்தானுங்க."

மேஜையில் இருந்த குச்சிகள் எப்போதோ காய்ந்துவிட்டன.

மணி ஐந்து. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதுங்களா, மேடம்?"

"ஒருத்தன் இருக்கானுங்க" என்றார் மாரப்பன், தலை நிமிராமல்.

சூட்டுத் தகட்டை அணைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். சுவிட்ச் அவள் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

எழுந்தாள்.

போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளிருந்து.