முதல் டவுன்லோடு

எண்பத்தேழு சதவீதம் ஏறியிருந்த ஃபைல் பொட்டென்று அறுந்தது.

யார் கைவரிசை என்று அருள்செல்விக்குத் தெரியும். அடுத்த அறையில் செல்லக்கனி ஃபோன் ரிசீவரை எடுத்திருந்தாள்.

"அக்கா, ஒரே லைன்ல நெட்டு ஓடும்போது ஃபோன எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதது?"

"மறந்துட்டேன் செல்வி."

மறதியாம். அருள்செல்வி நம்பவில்லை.

அது 1999. செட்டியார்பட்டியில் பொன்னுராஜின் பேண்டேஜ் கம்பெனிக்கு வெப்சைட் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தாங்களே இறக்கிக்கொள்ளும்படி கேட்லாக்கை அதில் ஏற்றவேண்டியது அருள்செல்வியின் வேலை. இதுவரை அந்தக் கேட்லாக்கைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பியவள் செல்லக்கனி. ஃபைல் ஓடினால் கவருக்கு வேலையில்லை. கவர் இல்லையென்றால் செல்லக்கனிக்கும் வேலையில்லை. வயிற்றெரிச்சல் இருக்காதா?

மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினாள். இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூறு சதவீதம் என்று வந்ததும் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

பொன்னுராஜ் வந்து பார்த்தார்.

"ரெண்டு மாசத்துக்குள்ள ஒருத்தனாவது எறக்கணும். இல்லன்னா இந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம், ஒனக்கும் இங்க வேலையில்ல. சரியா?"

"கண்டிப்பா எறக்குவாவ சார்."

எத்தனை பேர் இறக்கினார்கள் என்று காட்டும் எண், பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. அருள்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லக்கனியோ, இன்னும் தபாலில் சேர்க்காத கேட்லாக் கவர்களை மூட்டை கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தபாலை இழுத்தடித்துச் சீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அருள்செல்வி முதலாளியிடம் போட்டுக்கொடுத்தாள். அவர் சத்தம் போட்டார். செல்லக்கனி மறுநாளே அத்தனை கவரையும் தபாலில் சேர்த்துவிட்டாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலை, எண் 1 என்று காட்டியது.

"சார், எறக்கிட்டாவ சார்!"

சாயங்காலத்துக்குள் அது 4 ஆனது. மறுநாள் 11. பேண்டேஜ் மடிக்கும் பெண்கள்கூட ஓடிவந்து அந்த எண்ணை எட்டிப் பார்த்தார்கள். பொன்னுராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே கவர் எதுக்கு? செல்லக்கனி, இந்த மாசத்தோட நின்னுக்கம்மா."

"சரிங்க மொதலாளி" என்றாள் செல்லக்கனி. அருள்செல்வியின் முதுகில் தட்டினாள். "கெட்டிக்காரிட்டி நீ."

என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் அருள்செல்வி.

அந்த நேரம் பார்த்து, ஃபேக்ஸ் மெஷின் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. ஜெர்மனியிலிருந்து ஆர்டர். அருள்செல்வி சந்தோஷம் தாங்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்துச் சொன்னாள்.

"ஃபைல் கிடைத்தது. முதலில் இருபதாயிரம் ரோல் அனுப்பவும். உங்களுக்கு வெப்சைட் இருப்பதையே உங்கள் கம்பெனி எங்களுக்கு எழுதவில்லை..."

அவள் குரல் இறங்கியது.

"கவரின் பின்பக்கம் பேனாவால் அந்த முகவரியை எழுதி, 'புது கேட்லாக் இங்கே இருக்கிறது, தயவுசெய்து ஒரு தடவை இறக்கிப் பாருங்கள்' என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டிருந்த செல்லக்கனி அவர்களுக்கு எங்கள் நன்றி."