ஆட்டிடம் சொன்னது

இருநூறு கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. குளிர் தாங்காவிட்டால் குஞ்சுகள் அப்படித்தான் குவியும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

செல்லியம்மா குனிந்து கையால் பிரித்துவிட்டாள். கையை எடுப்பதற்குள் மறுபடி குவிந்தன.

மார்கழிப் புயல் கரண்டுக் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. லைன்மேன் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை எந்த நாள் என்று சத்தியவேடு பக்கம் ஒருவருக்கும் தெரியாது. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கக் கட்டிய குண்டு பல்புகள் காலையிலிருந்து சும்மா தொங்கின.

கல்யாணப் பட்டு உட்பட இருந்த புடவையையெல்லாம் சுற்றிலும் மறைப்பாகக் கட்டியாகிவிட்டது. சட்டியில் கரி மூட்டிப் பார்த்தாள். சூட்டுக்கு முன்னால் புகை வந்து, குஞ்சுகளோடு சேர்ந்து அவளும் தும்மினாள்.

போன மார்கழியிலும் முழுக் கூட்டமும் இப்படித்தான் போனது. இதுவும் போனால் கோழி வளர்ப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பெருக்குகிற வேலைக்குப் போகவேண்டியதுதான்.

ரோட்டுக்கு எதிரே பொன்னியம்மா வீட்டில் டியூப்லைட் ஜம்மென்று எரிந்தது. இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே மத்தியானமே கரண்டு வந்துவிட்டது.

பொன்னியம்மா அன்னியமில்லை. செல்லியம்மாவின் வீட்டுக்காரர் கோவர்த்தனனுடைய கூடப்பிறந்த தங்கை. ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பொன்னியம்மா மகன் பவன்குமார் கல்யாணத்தில் ஊரையே போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், செல்லியம்மாவைக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து தலைபோகிற விஷயமென்றால் இவள் கோழியிடம் சொல்வாள், அவள் ஆட்டிடம் பதில் சொல்வாள். நடுவில் தூது போகிற கோவர்த்தனனோ கையை முறித்துக்கொண்டு, கட்டுப் போட புத்தூர் போயிருந்தார்.

செல்லியம்மா ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கரண்டு கீற வூட்ல பொறக்காம என் வூட்டுக்கு வந்தியே! வெறைச்சி சாவு, யாருக்கு இன்னா?”

எதிர்வாசலில் பொன்னியம்மா ஆட்டின் காதைப் பிடித்துத் திருப்பினாள்.

“வாயத் தொறந்து கேட்டா யாரு மாட்டேன்றாங்க? நம்ம வூட்ல நீட்டு ஒயரு சும்மாதான தொங்கிக்கினு கீது.”

சொல்லிய வேகத்தில் உள்ளே போனாள். வயர்ச் சுருள் வேப்பங்கிளைக்கு மேலாகப் பறந்து இந்த வாசலில் வந்து விழுந்தது.

வயரை மாட்டியதும் பல்புகள் எரிந்தன. குஞ்சுகள் மெல்ல மெல்லப் பிரிந்து, வெளிச்சத்தின் அடியில் பரவிப் படுத்தன. செல்லியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கண்ணீர் காய்வதற்குள் எதிர்வீட்டு டியூப்லைட் அணைந்தது.

செல்லியம்மாவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கொடுத்ததும் கொடுத்துவிட்டு, தான் இருட்டில் கிடந்ததாக நாளைக்கு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கவா இந்த நாடகம்? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வெளியே வந்தாள்.

அந்தப் பக்கம் தெரு முழுக்க இருட்டாக இருந்தது. தமிழ்நாட்டுக் கரண்டும் போய்விட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். தன் வீட்டுப் பல்புகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

அம்மா தடங்கலில்லாமல் சீரியல் பார்க்கட்டும் என்று பவன்குமார் வாங்கி மாட்டிய இன்வெர்ட்டர் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த பேட்டரி குஞ்சுகளுக்கு மட்டுமே விடியும்வரை தாங்கினால் பெரிது. டிவியையும் விளக்கையும் நிறுத்திவிட்டு, பொன்னியம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் ஆட்டுக்குப் பக்கத்தில் கொசு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வாரமாகக் காத்திருந்த சீரியல் கல்யாணம் அன்றைக்குத்தான்.

செல்லியம்மா உள்ளே போய்ச் சூடான கேழ்வரகுக் களியைத் தட்டில் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். தட்டைப் பொன்னியம்மாவின் மடியில் வைத்தாள். முகத்தை மட்டும் ஆட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஆறிடப் போவுது. துன்னு.”

ஆடு எழுந்து வந்து தட்டில் வாயை நீட்டியது.

பொன்னியம்மா அதன் மூஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

“ச்சீ, தள்ளிப் போ. எங்க அண்ணி உன்னிய சொல்லல, என்னிய சொல்றாங்க.”