எலிக்கு ஓர் ஏணி

ஸ்பெயினில் அந்தப் பழைய ஒயின் கிடங்கின் தரையில், பீப்பாய்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கோப்பை நிறைய ஒயின் இருந்தது. அதன் விளிம்பில் விரல் நீள ஏணி ஒன்று சாய்ந்திருந்தது.

“எலி ஏறிக் குடிக்கவாம்மா. காலங்காலமா வைக்கிறாங்களாம்,” என்றாள் மகள் உமையாள்.

செண்பகவல்லி நகரவில்லை. குடித்துவிட்டு வந்த கணவருக்கு அவள் கதவைத் திறக்காமலிருந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று போனவர் பிறகு வரவேயில்லை.

சுற்றிப் பார்க்க வந்த எல்லோரும் வாசலுக்கு நடந்தார்கள். ஏணி சற்று நழுவியிருந்ததைப் பார்த்து அவள் குனிந்தாள். தடுமாறுகிற கால்களும் ஏறும்படி அதைத் தாழ்வாகச் சாய்த்து வைத்தாள்.

“வாம்மா, கதவ அடைக்கப் போறாங்க.”

“செத்த நேரம் தொறந்தே இருக்கட்டும்னு சொல்லுட்டி.”