அரசரின் வலக்கை

அரசர் போட்ட தேயிலை வரியில் தொடங்கிய குடிகளின் பகை, அவருடைய ஈயச் சிலையைக் கயிறு கட்டிச் சாய்ப்பதில் வந்து நின்றது. உடைத்த துண்டுகளில் மெர்சியின் பங்குக்கு வலக்கை வந்தது. அதை அடுப்பில் உருக்கிக் கலகப் படைக்குத் துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தாள். அச்சில் ஒரு கீறல் இருந்ததால் ஒவ்வொரு குண்டிலும் நகம் பதிந்தாற்போல் ஒரு தழும்பு விழுந்தது.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்க என்னால முடியாது” என்று அவள் அண்ணன் சைலஸ் அரசரின் படையில் சேர்ந்தான். அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தவன் அவன்.

அறுவடைக்கு முன்பே அவன் உடல் வண்டியில் வந்தது. யாரோ தொப்பியை மாட்டி அனுப்பியிருந்தார்கள். நெஞ்சிலிருந்து எடுத்த குண்டை வைத்தியர் அவளிடம் கொடுத்தார்.

“யாரு சுட்டதுன்னு தெரியலம்மா.”

மெர்சி அதை விரலால் தடவினாள். நகத்தழும்பு தட்டுப்பட்டது. குண்டை அண்ணனின் முகத்துக்கு நேராக வைத்தாள். பிறகு அவன் தொப்பியைக் கழற்றினாள்.