வாழைப்பழத்தில் ஊசி

"சார், உங்களுக்கு வேலை போயிடுச்சி" என்றார் சம்மந்தம், கதவைத் திறந்து உள்ளே வந்ததும்.

மேனேஜர் ஹரிஹரன் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படியா சம்மந்தம் சொல்றது? எதிர்ல இருக்கிறவனுக்கு நெஞ்சு வலியே வந்துடும். உட்காருங்க மொதல்ல."

வில்லியனூர் பக்கம் பாட்டில் மூடி செய்கிற அந்தக் கம்பெனியில் அன்று காலையிலிருந்தே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஹரிஹரன் போன வாரம்தான் டவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் லீடர்ஷிப் டிரெய்னிங் முடித்துவிட்டு வந்திருந்தார். கற்ற வித்தையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? சூப்பர்வைசர்கள் ஒவ்வொருவராக அவர் அறைக்கு வர வேண்டும், அவரையே தொழிலாளியாக நினைத்துக்கொண்டு கசப்பான செய்தி ஒன்றைச் சொல்லிக் காட்ட வேண்டும். முதலில் வந்த மணிமாறன் சிரிப்பை அடக்க முடியாமல் பாதியிலேயே ஓடிவிட்டான்.

பேக்கிங் சூப்பர்வைசர் சம்மந்தத்துக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆட்குறைப்பில் ஒருவர் வெளியே போகப் போகிறார் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். இங்கே கெட்ட சேதி எதுவானாலும் சம்மந்தம் வாயால்தான் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே ஹரிஹரன்தான், முதலாளியிடமும் அதைப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

சம்மந்தத்துக்கு ஊர் மணப்பட்டு, கடல்தொழில் குடும்பம். துக்கம் சொல்லப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். வேலை போன சேதியைக் கேட்டு அழுதுகொண்டே ஒருவர் வாங்கித் தருகிற காபியைக்கூட அவர் இதுவரை தொட்டதில்லை.

"காலைல முதலாளி போன் பண்ணாரு சார்" என்று ஆரம்பித்தார் அவர்.

"பேரைச் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு சார். ஆனா..."

"ஆனா கீனா எல்லாம் வேணாம். நான் கொடுத்த பேர்தானே, எனக்குத் தெரியாதா?"

ஹரிஹரன் கொடுத்த பெயர் பாக்யலட்சுமி. பேக்கிங்கில் அவள் கைவேகம் யாருக்கும் வராது, மகளை இந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தாள். 'மனதில் பட்டதைத் தைரியமாகச் சொல்லுங்கள்' என்று ஹரிஹரன் கூட்டம் போட்டபோது, "நீங்க யாரையும் பேசி முடிக்க வுட மாட்றீங்க சார்" என்று மனதில் பட்டதைச் சொல்லிவிட்டாள். அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம்.

"சார், நான் இன்னா சொல்ல வர்றேன்னா..."

"குறுக்க பேசாதீங்க. கேட்டுக்கறதுதான் லீடருக்கு முதல் லட்சணம்." ஹரிஹரன் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைக் காட்டினார். "வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி சொல்லணும். மொதல்ல பாராட்டு, அப்புறம் விஷயம், கடைசியில நம்பிக்கை. நான்தான் அந்த ஆளு. எங்க, பாராட்டுங்க பார்ப்போம்."

சம்மந்தம் வெகுநேரம் யோசித்தார். "சார் டயத்துக்கு வந்துடுவீங்க."

"அப்புறம்?"

"சட்டை எப்பவும் நல்லா அயன் பண்ணியிருக்கும்."

"பரவாயில்ல. இப்ப விஷயத்துக்கு வாங்க. கண்ணைப் பார்த்துச் சொல்லணும்."

சம்மந்தம் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தார். "செலவு தாங்கலன்னு முதலாளி சொல்றாரு சார். நாளையிலேர்ந்து நீங்க வர வாணாம்னுட்டாரு. அரியாங்குப்பத்துல லோன் போட்டு வூடு கட்டிக்கினு இருக்கீங்க. இந்த நேரத்துல இதைச் சொல்ல எனக்கே மனசு கேக்கல."

ஹரிஹரன் அசந்துபோனார். "அடடா, குடும்ப நிலவரத்தைப் பேசணும்னு நான் சொல்லவே இல்லையே. நீங்களா என் வீட்டை இழுத்துட்டு வந்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்லி முடிங்க."

"உங்க படிப்புக்கு வேற எடத்துல கெடைக்கும் சார். மனசை வுட்டுடாதீங்க."

இரண்டு டீ வந்தது. ஹரிஹரன் தன்னுடையதை ருசித்துக் குடித்துவிட்டு எதிரில் பார்த்தார். சம்மந்தத்தின் டீ அப்படியே ஆடை படிந்து நின்றது.

"என்ன, சுகரா?"

"இல்ல சார். வாணாம்."

"சரி, உங்க இஷ்டம். எனக்கு டிரெய்னிங் கொடுத்தவரே இவ்வளவு நல்லாச் சொல்லல. இதே மாதிரி போய்ச் சொல்லிடுங்க, பாக்யலட்சுமி ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பறதுக்குள்ள."

"பாக்யலட்சுமிக்கு ஒண்ணும் இல்ல சார். அது இங்கதான் இருக்கும்."

ஹரிஹரன் முகம் சுருங்கியது. "அப்ப முதலாளி வேற பேரா சொன்னாரு? இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கீங்க, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

சம்மந்தம் எழுந்து, ஆறிப்போன டீயை மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உள்ள வந்ததும் மொதல்ல அதைத்தான் சார் சொன்னேன்."