எதிர் ஊருக்குப் போன சேதி

“மனு என் கையை விட்டுப் போகல. அப்புறம் எப்படி மச்சான் எதிர் ஊருக்குச் சேதி போகுது?”

மைத்துனன் குனிந்தபடி ஸ்டேப்ளரை நோண்டிக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சந்தேகப்பட அதுவே போதுமாக இருந்தது. என்ன இருந்தாலும் அவன் பிறந்தது அந்த எதிர் ஊரில்தானே.

நாட்டின் ரயில்வே தலைமையகம் தங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும் என்று, ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊண் உறக்கமில்லாமல் அலைகிறவர் அவர். கோரிக்கைக் குழுவின் தலைவரும் அவர்தான். ஆனால் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கும் ஒவ்வொரு வாதத்துக்கும் போட்டிக்கு நிற்கும் எதிர் ஊர்க்காரர்கள் டிவியில் உட்கார்ந்து பதில் சொல்லிவிடுகிறார்கள். நாளைக்குத் தேர்வுக் குழு இரண்டு ஊரையும் கூப்பிட்டுக் கேட்கப்போகிறது.

சிக்னல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தாலும் இன்னொருவரைக் கேட்டு உறுதி செய்துகொள்கிற சுபாவம் அவருக்கு. தங்கள் ஊர் தரப்போவதாக ஆளுக்கொரு பொய்யை அவிழ்த்துவிட்டார். மைத்துனனிடம், ஊழியர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி. டைப் அடிக்கிற பெண்ணிடம், இலவச மின்சாரம். சாயங்காலம் டிவியில் எது வருகிறதோ, அதைக் கேட்ட ஆள் மாட்டிக்கொள்வார்.

“என்னையே சந்தேகப்படுறீங்களா மாமா?”

“யாரையும் நம்பறதுக்கில்ல மச்சான். நாளைக்கு நீ வர வேணாம்.”

அவன் முகம் தொங்கிப்போனது. அவர் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் வீட்டில் மனைவி சாப்பாடு போட்டபடி கேட்டாள்.

“அவ்வளவு பெரிய கட்டடத்தை எங்கேங்க கட்டுவாங்க?”

“அதெல்லாம் பரம ரகசியம்” என்றார், தட்டைப் பார்த்தபடியே. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “பயிற்சிப் பள்ளி கட்ட இலவசமா இடம் தர்றோம்னு கடைசியா ஒண்ணு சேர்த்திருக்கேன். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.”

“நல்ல யோசனைங்க” என்று இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

சாயங்காலம் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். எதிர் ஊர்ப் பேச்சாளர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“அவங்க பயிற்சிப் பள்ளிக்கு இடம் தர்றாங்களாம். நாங்க காலேஜே கட்டித் தர்றோம்.”

ஸ்டேஷன் மாஸ்டர் பேச்சைக் கடைசி வரை கேட்டார். ஆஸ்பத்திரியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பாவம் மைத்துனன், அவன் முகத்தில் இனி எப்படி விழிப்பது? மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

“நீயா? பொறந்த ஊர்ப் பாசம் உன்னை விடலையா? என் உழைப்பையெல்லாம் இப்படிக் காத்துல விட்டுட்டியே.”

அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“நீங்க வெளியூர் போயிருந்தப்ப சர்வேக்காரங்க வந்து நம்ம வீட்டையும் சேர்த்து அளந்துட்டுப் போனாங்க. இதை இடிச்சுட்டு இங்கதான் தலைமையகம்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களாமே.”