மொட்டையான மிளகாய்ச் செடி

"என்னங்க! செடியில ஒரு மிளகாய்கூட இல்லைங்க!"

மொட்டை மாடியிலிருந்து காரக்கா போட்ட சத்தத்தில், பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் வாயில் நுரையோடு படியேறி ஓடி வந்தார்.

சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். அத்தனையும் தாய்லாந்து ஊசி மிளகாய். நேற்று மத்தியானம் வரை பச்சையும் சிவப்புமாக வானத்தைப் பார்த்து நின்றவை. இப்போது வெறும் இலை.

கீழ்த்தளத்தில் அவர்கள் நடத்துவது தாய் சாப்பாட்டுக் கடை. கிடைக்கிற மிளகாயைப் போட்டு ஒப்பேற்றுவது காரக்காவுக்கு ஆகாது. "அந்த ஊர்ச் சாப்பாடுன்னா அந்த ஊர் மிளகாய்தான்" என்று விதை வாங்கி, முளைக்கப் போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்தாள். அந்தக் காரம்தான் அவளுக்கு இந்தப் பட்டப்பெயரையே வாங்கிக் கொடுத்தது.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? பெரிய ஆபீஸ் மேனேஜர் ஒருவர், தாய்லாந்திலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், இனி அந்த ஆபீஸ் விருந்தெல்லாம் இங்கேதான்.

"எல்லாம் அந்தப் பக்கத்துக் கடைக்காரி வேலை," என்றார் கணவர். "விடியும்போதே ஒரு பையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்கினா. நானே பார்த்தேன்."

பக்கத்துக் கடையும் தாய் சாப்பாடுதான். புதிதாக வந்தவள். இதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள். இன்றைய விருந்துக்கு அவளும் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் போனது தெருவுக்கே தெரியும்.

இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். அவள் கடை பூட்டிக் கிடந்தது.

"பார்த்தியா? பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு ஓடிட்டா!" கணவர் தெருவில் நின்று கத்தினார்.

"விடுங்க. செடிதான் மொட்டை. என் கை எங்கேயும் போயிடலை," என்ற காரக்கா, சமையலறைக்குள் போய் எலுமிச்சைப்புல்லை நறுக்க உட்கார்ந்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. தேங்காய்ப்பால் தயார். உரல் கழுவித் தயார். இடிக்க மிளகாய்தான் இல்லை. கணவர் சந்தை முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

ஏற்பாடுகளைப் பார்க்க மேனேஜர் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தாள் பக்கத்துக் கடைக்காரி. நேராக அடுப்பு மேடைக்கு வந்து ஒரு பையை வைத்தாள். பை நிறைய ஊசி மிளகாய்.

"திருடினதைத் திருப்பிக் கொடுக்க வந்தியா?" கணவர் எகிறினார்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

அவள் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அக்கா, பறிச்சது நான்தான். முதல்ல சமைங்க. அப்புறமா திட்டுங்க."

காரக்கா ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தாள். சுள்ளென்றுதான் இருந்தது. ஆனால் அவள் வளர்த்த மிளகாய் நாக்கு நுனியிலேயே பற்றிக்கொள்ளும். இது தொண்டைக்குப் போய்த்தான் எரிந்தது.

'இது என் செடியில காய்ச்சது இல்லையே!'

யோசிக்க நேரமில்லை. அள்ளி உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தாள்.

விருந்தாளிகள் மூக்கைச் சிந்தினார்கள், வியர்வையைத் துடைத்தார்கள், மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, காரக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடுத்த விருந்தும் இங்கதாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

காரக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குக் கிளம்பினாள்.

"எங்கே போறே? அதான் விருந்து நல்லபடியா முடிஞ்சுதே. போனது போகட்டும், விடு," என்றார் கணவர், பின்னாலேயே வந்தபடி.

"நல்லா இருக்கே! காலையில அந்தக் கத்து கத்தினது யாரு?"

பக்கத்துக் கடையில் ஈ, காக்கை இல்லை. அவள் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் மிளகாய் எங்கே?"

"குப்பையில கொட்டிட்டேன்க்கா."

"அப்போ எனக்குக் கொடுத்தது?"

"ஊருக்கு வெளியே ஒருத்தர் தோட்டத்துல போட்டிருக்காரு. பஸ் பிடிச்சுப் போய் வாங்கிட்டு வந்தேன்."

"உனக்கென்ன கிறுக்கா? என் மிளகாயைப் பறிச்சுக் குப்பையில கொட்டிட்டு, எனக்கே மிளகாய் வாங்கிட்டு வந்தியா?"

அவள் காரக்காவின் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் நீங்க வெளியே போயிருந்தப்ப, செடியில வெள்ளை ஈ இருக்குன்னு அண்ணன் கரப்பான் மருந்தை எடுத்து அடிச்சிட்டாருக்கா. காய் மேலயெல்லாம் சொட்டச் சொட்ட. நாளைக்குச் சாப்பாட்டுல போடுறதாச்சேன்னு மாடியில துணி எடுக்க வந்த எனக்குப் பதறிடுச்சு. உங்களுக்குப் போன் பண்ணேன். போனை நீங்க வீட்டுல வெச்சுட்டுப் போயிட்டீங்க போல. அதையும் அண்ணன்தான் எடுத்தாரு."

"எடுத்து?"

"'கழுவினாப் போயிடும், அவகிட்ட சொல்லிக் கலவரம் பண்ணாதே. நீ உன் வேலையைப் பாரு'ன்னாரு."

துடைத்த துணியைப் பிழிந்து உதறினாள்.

"நானும் சமைச்சுப் போடுறவதானேக்கா? என் வேலையைப் பார்த்தேன்."